நாலு தாளில் ஒரு புத்தகம்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வந்த தாள்களை அடுக்கி, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்துக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. என் கதை, என் அட்டை, என் புத்தகம்! பதினாறே பக்கம்தான். இருபது வருஷமாக எழுதுகிறேன். இப்படியொரு சந்தோஷத்தை இதற்குமுன் அறிந்ததில்லை.

அதற்கு முந்தைய இரண்டு வருஷம் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்புவது, மாதக்கணக்கில் காத்திருப்பது, பதில் வராமலே போவது என்று ஓடி ஓடி, எழுதும் ஆசையே வற்றிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சி.சு. செல்லப்பாவைப் பற்றிப் படித்தேன். 1959 ஜனவரியில் சொந்தப் பணத்தைப் போட்டு ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1970 வரை 119 இதழ்கள்! திருகோணமலையில் இருந்த தர்மு சிவராமு என்ற இளைஞர், பின்னாளில் பிரமிள் என்று நாம் கொண்டாடியவர், எழுதி வளர்ந்தது அந்தப் பக்கங்களில்தான். செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவல் வந்ததும் எழுத்து பிரசுரமாகத்தான். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றிருக்கிறார் மனிதர். எண்பது வயதைத் தாண்டியபின், 1997இல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அவர் மறைந்தபின் 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருக்கு முடிந்ததில் நூறில் ஒரு பங்காவது எனக்கு முடியாதா?

முடிந்தது! எத்தனை எளிது என்று கேளுங்கள். நாலு ஏ4 தாள். இரண்டு பக்கமும் அச்சடித்துக் குறுக்கே மடித்தால் பதினாறு பக்கம். வெளித்தாளில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அக்கம்பக்கமாக உட்காரும். அதைத் திருப்பினால் 2ம் 15ம். பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17. இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் போதும், நீங்களே பதிப்பாளர். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதிக்கு எட்டு ரூபாய் ஆனது. பதினைந்து ரூபாய் என்று விலை போட்டேன்.

முன்னட்டையும் பின்னட்டையும் போனால் மிச்சம் 14 பக்கம், ஏறக்குறைய 2,000 சொல். இந்த அளவுதான் என்னை மறுபடி எழுத வைத்த மந்திரம். வளவளவென்று போக இடமில்லை. அதிலும் 8, 9 ஆகிய நடுப்பக்கங்கள் இருக்கின்றனவே, அவை இரண்டும் ஒரே தாளின் ஒரே முகம். புத்தகம் தானாகவே விரிவது அங்கேதான். ஆகவே கதையின் திருப்பத்தை அங்கே கொண்டுவந்து வைக்கிறேன். தாளின் மடிப்பு எனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்கிறது!

முதல் கதையை 40 பிரதி போட்டேன். டீக்கடையில் ஐந்து, தெருமுனை சலூனில் ஐந்து, கிளை நூலகத்துக்கு வருகிறவர்களிடம் நேரில் கொடுத்தது பத்து. மூன்றாம் நாள் சலூன்கடை அண்ணன் என்னை வழிமறித்தார். “அக்கா, ஒரு பையன் முடி வெட்ட வந்தவன் பாதியிலே வச்சிட்டுப் போனான். மறுநாள் மீதியைப் படிக்கன்னே வந்து உக்காந்தான். அடுத்தது எப்பக்கா வரும்?”

அடுத்தது எப்ப வரும்! இருபது வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அன்று ராத்திரியே அடுத்த கதையை எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பின்னட்டையிலும் அடுத்த கதையின் தேதியை அச்சடித்துவிடுகிறேன். அச்சில் கொடுத்த வாக்கு என்னை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறது.

ஒரு வாசல் திறந்ததும் மற்றவையும் திறந்தன. நூலகத்தில் மாதம் ஒரு மாலை கதையை உரக்க வாசிக்கிறேன். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்து திருத்துகிறேன். முதல் எட்டுக் கதைகளையும் சேர்த்துக் கிண்டிலில் ஏற்றினேன். அங்கே 2016 முதலே தமிழுக்கு இடமுண்டு. கனடாவில் இருக்கும் என் அத்தை மகள் படித்துவிட்டுப் போனில் அழுதாள்.

எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்களா? உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இன்றைக்கே நாலு தாளை எடுத்து மடித்துப் பாருங்கள். வெற்றுத்தாளாகவே இருக்கட்டும்; 1 முதல் 16 வரை எண் மட்டும் போடுங்கள். அந்தக் காலிப் பக்கங்கள் உங்களைச் சும்மா இருக்க விடாது.

என் மேஜையில் பன்னிரண்டாவது கதை கிடக்கிறது. ஏழாம் பக்கம் வரை வந்துவிட்டேன். நடுப்பக்கத்தில் பாட்டி கதவைத் திறக்க வேண்டும். பின்னட்டையில் போட்ட தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சலூனில் அந்தப் பையன் காத்திருப்பான்.