சுவருக்கு வண்ணம் அடிச்சாச்சு... அட்ரஸுக்கு?

சுவருக்கு பெயிண்ட் அடிப்பது சுலபம். அட்ரஸுக்கு அடிப்பதுதான் கஷ்டம்!

கண்ணகி நகர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓ.எம்.ஆர். ஓரம், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. கண்ணாடிக் கட்டடங்களில் சாஃப்ட்வேர் கம்பெனிகள். கூப்பிடு தூரத்தில் கண்ணகி நகர். வேலை கேட்டுப் போகிற பையன் விண்ணப்பத்தில் 'கண்ணகி நகர்' என்று எழுதத் தயங்குவான். 'துரைப்பாக்கம்' என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்வான். ஊர்ப் பேரைக் கேட்டதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை அவன் பார்த்திருக்கிறான். 'அந்த ஏரியாவா?' என்ற ஒரு வார்த்தையில் இன்டர்வியூ முடிந்துபோன கதையைச் சொல்ல அங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

அந்த அட்ரஸை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் சாலையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-லிருந்து கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். அன்றைய குடிசை மாற்று வாரியம் கட்டியது. (2021-ல் அந்த வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பேர் மாற்றிக்கொண்டது. அட்ரஸ் மாற்றுவது வாரியத்துக்கு மட்டும் எவ்வளவு சுலபம் பாருங்கள்!) பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பழைய பிளாக்குகளில் ஒரு வீடு சுமார் 200 சதுர அடி. வேலை இருந்த இடம் சிட்டிக்குள். வீடு சிட்டிக்கு வெளியே. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த அம்மாவுக்கு அந்த நாலு வீடும் ஒரே நாளில் பஸ் தூரத்துக்குப் போய்விட்டன.

இந்த கண்ணகி நகருக்கு 2020 தொடக்கத்தில் ஓவியர்கள் வந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா பவுண்டேஷன் என்ற அமைப்பு. பெயிண்ட் உபயம் ஏஷியன் பெயின்ட்ஸ். கூடவே சென்னை மாநகராட்சி. உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு ஓவியர்கள் சாரத்தில் ஏறி, பிளாக்குகளின் பக்கச் சுவர்களை முழுசாக நிரப்பினார்கள். சென்னை ஓவியர் ஏ-கில் குழந்தை முகங்களை வரைந்தார். மனிதர் முகம் வரைவதில் மன்னர் அவர். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் அவர் வரைந்த முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. காரை பெயர்ந்த சுவரில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய ஒரு சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மனசு லேசாகும். இதைக் குறை சொல்கிற அறிவுஜீவி வாதம் ஒன்று உண்டு. "குடிக்கத் தண்ணி இல்லாத இடத்துல ஓவியம் என்ன ஓவியம்?" இந்த வாதம் எனக்கு ஒப்பாது. தண்ணீர் ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் அழகு என்று யார் சட்டம் போட்டது? ஏழைக்கு முதலில் சோறு, பிறகு மருந்து, பிறகு பள்ளிக்கூடம், மிச்சம் இருந்தால் கலை என்று க்யூ போட்டால், அந்தக் க்யூ கலை வரைக்கும் நகரவே நகராது. தண்ணீரும் வேண்டும், ஓவியமும் வேண்டும். இரண்டும் அவர்கள் உரிமை.

என் சந்தேகம் வேறு.

ஆர்ட் கேலரியில் ஒரு படம் மாட்டினால் 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் போதும். ஒரு தெருவில், ஜனங்கள் வசிக்கிற இடத்தில் கலையைக் கொண்டுவந்து வைத்தால் கூடுதலாக மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் கேட்டார்கள்? யார் செய்தார்கள்? அடுத்த வருஷம் யார் புதுப்பிப்பார்கள்?

மயிலாப்பூருக்குப் போவோம். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். காலையில் பூம்பாவையை சம்பந்தர் உயிர்ப்பித்த கதையை நடத்திக் காட்டுவார்கள். பாம்பு கடித்து இறந்துபோன வணிகர் மகள்; சாம்பலாகக் குடத்தில் இருக்கிறாள். ஏழாம் நூற்றாண்டில் வந்த சம்பந்தர் அவளை எழுப்பப் பாடிய பதிகத்தில் என்ன இருக்கிறது தெரியுமோ? மயிலாப்பூரின் விழாப் பட்டியல்! ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ஒரு பேட்டையின் திருவிழாவைப் பார்ப்பதற்காகவே ஒருத்தி உயிரோடு எழுந்து வரலாம் என்று ஒருவர் நம்பியிருக்கிறார். இதைவிடப் பெரிய கலை விமர்சனம் நான் படித்ததில்லை.

அன்று மாலை அறுபத்துமூவர். குயவர், சலவைத் தொழிலாளி, வேடர், மீனவர், அரசர் என்று அறுபத்துமூன்று பேரும் தோளில் ஏறி மாட வீதியைச் சுற்றி வருவார்கள். முண்டகக்கண்ணி அம்மனும் கோலவிழி அம்மனும் கூட வருவார்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், புளிசாதம். யார் கேட்டார்கள் என்ற கேள்வியே அங்கே எழாது. யார் செய்கிறார்கள்? தூக்குகிறவர், வாசிக்கிறவர், பூக்கட்டுகிறவர், மோர் ஊற்றுகிறவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. அடுத்த வருஷம்? பங்குனி வந்தால் தானாக நடக்கும்.

அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. நந்தனாரையும் தோளில் தூக்குகிற ஊர், நந்தனார் வகையறாவுக்கு வாடகைக்கு வீடு கொடுக்குமா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் என் மூன்று கேள்விக்கும் அந்தத் தெருவில் பதில் இருக்கிறது.

கோலத்தைப் பாருங்கள். ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா என்று நடக்கிறதே, அதில் வடக்கு மாட வீதியில் தார் ரோட்டில் கோலப் போட்டி. குனிந்த முதுகுகளும் வெள்ளைப் புள்ளிகளுமாக ரோடே மாறிப்போகும். மறுநாள் ஆட்டோவும் பஸ்ஸும் ஏறி அத்தனையையும் அழித்துவிடும். ஒருத்தரும் 'ஐயோ' என்று அலறுவதில்லை. ஏன்? போட்டவளுக்கு மறுபடி போடத் தெரியும். கோலம் அழியும், கை அழியாது. ஒரு பேட்டையின் கலைச் சொத்து அந்தக் கைதான்.

இன்னொரு பக்கம் வருவோம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சை ஒட்டி ஊரூர் - ஆல்காட் குப்பம். 2015 ஜனவரியில் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். டி.எம்.கிருஷ்ணாவும் சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் இன்னும் பல நண்பர்களும், குப்பத்து ஜனங்களோடு சேர்ந்து. கடற்கரையில் மேடை. கர்னாடக சங்கீதம், பரதநாட்டியம், பறை, வில்லுப்பாட்டு, கூத்து என்று எல்லாம் ஒரே மேடையில். டிக்கெட் கிடையாது.

அப்போதும் கேலி பேசினார்கள். "குப்பத்து ஜனங்களுக்கு கல்யாணி ராகம் எதுக்கு?" என்று. இந்தக் கேள்வியில் ஒரு திமிர் இருக்கிறது. "கல்யாணி ராகத்தால் குப்பத்துக்கு விமோசனம்" என்று நினைத்தால் அதிலும் ஒரு திமிர் இருக்கிறது. விழாக்காரர்கள் இரண்டையும் தவிர்க்கப் பார்த்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. கூட்டிப் போக வேண்டியது குப்பத்தையல்ல, பெசன்ட் நகரை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷக் கணக்கில் அந்தப் பக்கம் வாக்கிங் போயும் குப்பத்துக்குள் ஒரு தடவை கால் வைக்காதவர்கள், மணலில் மீன்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். 2018 வாக்கில் 'சென்னைக் கலைத் தெருவிழா' என்று பெயரும் விரிந்தது.

என் மூன்று கேள்விக்கு அந்த விழா பாதிதான் பதில் சொன்னது. யோசனை வெளியிலிருந்து வந்தது; சரி. செய்தது இரண்டு பேரும் சேர்ந்து, நல்லது. புதுப்பிப்பது? ஒரு சிலரின் நேரத்தையும் பேரையும் நம்பி நிற்கிற விழாவுக்கு, பங்குனி மாதம் மாதிரி தானாக வருகிற கால் கிடையாது. இது குற்றச்சாட்டு இல்லை. ஆயிரம் வருஷத் திருவிழாவோடு நேற்றுப் பிறந்ததை ஒப்பிட்டால் அப்படித்தான் இருக்கும்.

இப்போது கண்ணகி நகர் சுவருக்குத் திரும்புவோம்.

யார் கேட்டார்கள்? அரசாங்கமும் அமைப்பும் முடிவு செய்தன. ஜனங்களோடு பேசினார்கள், குழந்தைகளோடு பழகினார்கள், மறுக்கவில்லை. யார் செய்தார்கள்? வந்தவர்கள். சாரத்தில் ஏறியது வெளியூர் கை. அண்ணாந்து பார்த்தது உள்ளூர்க் கழுத்து. அடுத்த வருஷம்?

நான் படித்தது காமர்ஸ். எந்தச் சொத்தைப் பார்த்தாலும் தேய்மானம் எவ்வளவு என்று கேட்கிற வியாதி எனக்கு உண்டு. சென்னை வெயிலும் உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் எந்த உசத்திப் பெயிண்டும் சில வருஷங்களில் வெளிறும். திறப்பு விழாவுக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் தேய்மானத்துக்கு பட்ஜெட் போடுவதில்லை. அது நம் நாட்டு வழக்கம். பாலத்துக்கும் அப்படித்தான், பார்க்குக்கும் அப்படித்தான். ஆனால் வெளிறிப்போன ஓவியம் வெறும் சுவரைவிட மோசமானது. 'ஒரு காலத்தில் நம்மைக் கண்டுகொண்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்' என்று அது தினமும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை தூக்கி எறியப்பட்ட ஜனங்களுக்கு அந்தச் செய்தி புதிதல்ல.

இதே அமைப்பு டெல்லி லோதி காலனியிலும் சுவர்களில் வரைந்திருக்கிறது. அங்கே போட்டோ எடுக்கக் கூட்டம் கூடுகிறது. ஆனால் லோதி காலனி அரசு ஊழியர் குடியிருப்பு. அகலத் தெரு, நிழல் மரம், நல்ல அட்ரஸ். அங்கே ஓவியம் ஒரு நகை. கண்ணகி நகரில் ஓவியத்தின் தலையில் ஒரு பெரிய பொறுப்பைத் தூக்கி வைத்தோம். 'இந்த ஏரியாவின் பேரை மாற்று' என்றோம். சுவரால் அது முடியுமா? செல்ஃபி எடுக்க வருகிறவர் படத்தைப் பார்ப்பார். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற 200 சதுர அடியைப் பார்ப்பாரா? படத்தில் சிரிக்கிற குழந்தை பெரியவளாகி வேலை கேட்டு வந்தால், அதே செல்ஃபிக்காரர் 'எந்த ஏரியா?' என்று கேட்காமல் இருப்பாரா?

பேரை மாற்றியது யார் தெரியுமா? ஒரு பெண். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா. பத்திரிகைகள் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எழுதின. எந்தப் பேரை விண்ணப்பத்தில் மறைத்தார்களோ, அந்தப் பேர் ஒரு வீராங்கனைக்கு முன்னால் இனிஷியல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து யாரும் வந்து கார்த்திகாவை அங்கே வரைந்துவிட்டுப் போகவில்லை. அந்த ஏரியாவிலேயே பயிற்சி, அந்த ஏரியாப் பெண்கள், தினமும் சாயங்காலம் மண்ணில் விழுந்து எழுந்து பழகியது. கோலம் மாதிரிதான். தினமும் அழியும், தினமும் போடணும்.

அப்படியானால் ஓவியம் வேண்டாமா? வேண்டும். இன்னும் நிறைய வேண்டும். ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். அடுத்த தடவை பெயிண்ட் வரும்போது ஓவியரோடு பத்துப் பிள்ளைகளையும் சாரத்தில் ஏற்றுங்கள். சும்மா தொட்டுப் பார்க்க இல்லை, சம்பளத்துக்கு. சுவரில் கட்டம் பிரிப்பது, சின்னப் படத்தைப் பெரிதாக்குவது, பிரைமர் அடிப்பது, சாரம் கட்டுவது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். கண்ணகி நகரில் பெயிண்டர்களுக்கும் கொத்தனார்களுக்கும் பஞ்சமா என்ன? வெளிறுகிற சுவரைப் புதுப்பிக்கும் காண்ட்ராக்டை அந்தப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். எதை வரையலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். பெரிய சிரிப்பு வேண்டாம், விஜய் படம் போதும் என்பார்களோ, கானா பாடகர் முகம் வேண்டும் என்பார்களோ, கார்த்திகாதான் வேண்டும் என்பார்களோ... என்ன கேட்டாலும் சரி. நமக்குப் பிடிக்காத படம் ஒன்று அந்தச் சுவரில் வரும் அன்றைக்குத்தான், அது அவர்கள் சுவர் என்று நான் நம்புவேன்.

அப்புறம் ஓ.எம்.ஆர். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்ஃபி எடுக்க வாருங்கள், சந்தோஷம். போகும்போது நாலு பயோடேட்டாவையும் வாங்கிக்கொண்டு போங்கள். அட்ரஸ் பத்தியைப் படிக்காமல்!