சுல்தானாவின் கனவும் பனியுலகத் தூதரும்

வேற்றுலகக் கதைகளை மேனாட்டார் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் போதகரிடையே உண்டு. ஆயினும், அவ்வகைக் கதைகளில் ஆண் பெண் நிலையையே பொருளாகக் கொண்ட தொடக்க காலப் படைப்பொன்று நம் சென்னையிலேயே அச்சேறிற்று. கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1901ஆம் ஆண்டு தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ என்ற ஆங்கில ஏடு, 1905ஆம் ஆண்டில் வங்காள முஸ்லிம் பெண்மணியாகிய ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் சிறுகதையை வெளியிட்டது.

கோஷாவில் வாழும் ஒருத்தி கனவில் ‘பெண்நாடு’ என்னும் அயல்நாட்டுத் தெருவில் முகத்திரையின்றி நடக்கிறாள். எதிர்ப்படும் பெண்கள் அவளைப் பார்த்து ஏதோ சொல்லி நகைக்கின்றனர். மொழி விளங்கவில்லை. உடன் வரும் தோழியிடம் கேட்கையில், ‘நீ ஆண்பிள்ளையைப் போல் இருக்கிறாயாம்’ என்ற விளக்கம் கிடைக்கிறது. கூச்சமும் அச்சமும் அந்நாட்டில் ஆண்களின் குணம்! குச்சனூரிலும் கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் சாவடியில் துணிந்து பேசும் பெண்ணை ‘ஆம்பளை மாதிரி’ என்று கூறக் கேட்டவர்கள் இவ்விடத்தில் சற்றே நின்றுதான் வாசிப்பர். சொல் அதுவே, பொருள் தலைகீழாகிவிட்டது. கதை முழுவதிலும் இதற்கு நிகரான இடம் வேறில்லை என்பேன். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிப் பகைவரை விரட்டுவதும், மேகத்திலிருந்து நீரை இறக்குவதும் இதற்கு அடுத்தபடியே.

போரில் தோற்றுக் களைத்த ஆண்கள் அரசியின் வேண்டுகோளின்படி வீட்டிற்குள் அடைபட்டவர்கள். இப்பொழுது சமைத்துக் குழந்தைகளைப் பேணுகின்றனர். போலீஸ் கமிஷனர்களும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுகளும் தங்களையாவது விட்டுவிடும்படி விண்ணப்பித்ததாக ஓர் குறிப்பு வருகிறது. ஆசிரியையின் கணவர் டெபுடி மாஜிஸ்திரேட் என்பதை அறிந்தவர் புன்னகை செய்வர். அவர் இக்கதையைப் படித்துவிட்டு, இது கொடிய பழிவாங்கல் என்றாராம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஜெனானா மிஷன் வரலாறு கற்ற நம் மாணவர் உள்ளே அடைபட்ட பெண்களுக்காக இரங்கப் பழகியவர்கள். அடைப்பவன் முகத்தை அவனுக்கே காட்டுகிறது இக்கதை. ஆனால் சுவர் இடிபடவில்லை. உள்ளே இருப்பவர் மாறினர், அவ்வளவே. இது இக்கதையின் மெய்யான குறை.

சுவரே இல்லாத உலகைக் கற்பனை செய்தவர் அமெரிக்க ஆசிரியை அர்சுலா லெ குயின். 1969இல் வெளிவந்த ‘தி லெப்ட் ஹேண்ட் ஆப் டார்க்னஸ்’ என்னும் நாவலில், கெதன் என்ற பனியுலகின் மக்கள் மாதத்தில் சில நாள் தவிர ஆணுமல்லர், பெண்ணுமல்லர். ஒருவரே ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் மற்றொன்றுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். அங்கே தனியாக அனுப்பப்பட்ட தூதன் கென்லி ஆய், தன்னை உண்மையாய் நம்பிய முதலமைச்சர் எஸ்த்ராவனையே நம்ப மறுக்கிறான். காரணம், அவரிடம் காணும் பெண்மைச் சாயல் அவனுக்கு வஞ்சகமாய்ப் படுகிறது. அனுப்பப்பட்ட மனிதன் தன் செய்தியில் பிழையின்றி இருந்தும், கேட்போரைக் காணும் கண்ணில் பிழையுடையவனாய் இருத்தல் கூடும் என்பதை ஊழியப் பயிற்சி நூல்கள் இவ்வளவு தெளிவாக உரைப்பதில்லை.

அம்மக்களை ஆங்கிலத்தில் ஆண்பாற் சொல்லால் குறித்தமைக்காக ஆசிரியை கண்டிக்கப்பட்டார். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். தமிழில் ‘அவர்’ என்று எழுதினால் தீர்ந்துவிடும் எனலாமோ? நம் ‘அவர்’ பாலை மறைக்கும், மதிப்பை மறைக்காது. குச்சனூர் சனீசுவரர் கோவிலுக்கு ஆடிச் சனிக்கிழமை வருவோர்க்குச் சனி ‘அவர்’. பள்ளிப் பாடநூலிலோ அக்கோள் ‘அது’. மேலும், ‘முதலமைச்சர் வந்தார்’, ‘ஆயர் வந்தார்’ என்று படிக்கும்போது, இலக்கணம் பால் காட்டாவிடினும், நம் மனம் ஓர் ஆணையே முதலில் நிறுத்துகிறது. இந்நாவலைத் தமிழாக்க முற்படுவோர்க்கு ஆங்கில ஆசிரியையின் இடர்ப்பாடு அப்படியே காத்திருக்கிறது.