பின்னிணைப்பும் மூலமும்: 'சடோ ஒவ் தி ஏர்ட்றீ' பெற்ற வரவேற்பு

முற்றுப்பெற்ற படைப்பொன்றின் பின்னர் வந்து சேரும் பகுதியை மூலத்தின் உறுப்பாகக் கொள்வதா, தனிப்படைப்பாகக் கொள்வதா என்னும் வினா பழமையானது. கம்பர் பாடிய ஆறு காண்டங்களோடு, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தர காண்டத்தையும் சேர்த்தெண்ணுவோர் உளர், விலக்குவோரும் உளர். கணினி விளையாட்டுத் துறையிலே அவ்வினா 2024ஆம் ஆண்டிற் புதியதோர் உருவில் எழுந்தது. யப்பானிய நிறுவனமாகிய புறொம்சொவ்ற்வெயர் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட 'எல்டன் றிங்' என்னும் விளையாட்டுக்கு, 'சடோ ஒவ் தி ஏர்ட்றீ' என்ற பின்னிணைப்பு 2024 யூன் 21ஆந் திகதி வெளிவந்தது. மூல விளையாட்டை உடையோர் மேலும் ஏறத்தாழ நாற்பது அமெரிக்க டொலர் செலுத்தி இணையவழி இறக்கிக்கொள்ளும் பகுதி இது.

இத்தகைய பின்னிணைப்புகளை வாங்குவோர் ஐயக்கண்கொண்டு நோக்குவதற்குக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டில் 'ஒப்ளிவியன்' என்னும் விளையாட்டுக்காக, குதிரைக்கு அணிவிக்கும் கவசமொன்று இரண்டரை டொலருக்கு விற்கப்பட்டது. கவசம் குதிரையை அழகுபடுத்தியதன்றிக் கதைக்கு யாதொன்றும் சேர்த்திலது. முழுப்பொருளிலே இருந்திருக்க வேண்டியதைப் பிரித்து விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. மறுபுறத்தில், 2016இல் வெளிவந்த 'பிளட் அன்ட் வைன்' என்ற போலந்துப் பின்னிணைப்பு, முழு விளையாட்டுகளோடு போட்டியிட்டு அவ்வாண்டின் சிறந்த பாத்திரமேற்பு விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது. இவ்விரு துருவங்களுக்கும் இடையிலேதான் பின்னிணைப்பு விமரிசனம் வளர்ந்து வந்துள்ளது.

'சடோ ஒவ் தி ஏர்ட்றீ' வெளிவருமுன்னரே அதனை ஆடிப் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற விமரிசகர்கள் மிக உயர்ந்த புள்ளிகளை வழங்கினர். அவற்றின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. ஆனால் விற்பனை தொடங்கிய நாளில் 'ஸ்ரீம்' தளத்திற் பொருள் வாங்கியோர் இட்ட தீர்ப்போ 'கலப்பானது' என்றே அமைந்தது. கணினியில் ஓட்டம் தடைப்படுகின்றது என்பது ஒரு முறைப்பாடு. அது பொறியியல் சார்ந்தது. ஈண்டு விரித்தல் வேண்டா. மற்றைய முறைப்பாடு அளவு கடந்த கடுமை பற்றியது.

கடுமை என்னும் இச்சொல் ஆராயற்பாலது. மூல விளையாட்டிலே ஆடுவோன் தன் பாத்திரத்தின் படிநிலையை உயர்த்தி, எந்தப் பகைவனையும் காலத்தால் வெல்லக்கூடியவனாகின்றான். அவ்வாறு ஈட்டிய வலிமையோடு புதிய நிலத்தில் நுழைபவனுக்கு அஃது அங்கே முழுப்பயன் தருவதில்லை. அந்நிலமெங்கும் சிதறிக் கிடக்கும் நிழல்மரத் துண்டுகளைத் தேடியெடுத்து, அந்நிலத்துள் மட்டும் செல்லுபடியாகும் வேறொரு வலிமையை அவன் வளர்த்துக்கொள்ளல் வேண்டும். துண்டுகளைத் தேடாது நேரே போருக்குச் சென்றோர் வீழ்ந்தனர், வீழ்ந்தோர் சினந்தனர். ஆகவே எழுந்த சினம் வெறுங் கடுமையின் மீதன்று, ஈட்டிய செல்வம் செல்லாக் காசானதன் மீதே எனலாம். ஒரு கிழமைக்குள் நிறுவனம் திருத்தமொன்றை வெளியிட்டு, தொடக்கத்தில் எடுக்கும் துண்டுகளின் பயனை மிகுவித்தது. இயக்குநர் ஹிடெற்றக்கா மியாசகியின் படைப்புகளிற் கடுமை ஓர் அழகியற் கொள்கை என்று போற்றி வந்தோர், இத்திருத்தத்தைப் பற்றி அதிகம் பேசாதது வியப்புக்குரியது.

கடுமை பற்றிய ஆரவாரத்திற் கவனிக்கப்படாது போனது நில அமைப்பின் சிறப்பாகும். புதிய நிலம் அகலத்தால் அன்றி அடுக்கால் விரிகின்றது. கையிலுள்ள படத்திலே அருகருகே தோன்றும் இரண்டு இடங்கள், உண்மையில் ஒன்றன் அடியில் மற்றொன்றாக அமைந்து, சுற்றுவழியாற் பல நாழிகை நடந்தே சேரத்தக்கனவாய் உள்ளன. படத்தை நம்புவோனை ஏமாற்றி, நிலத்தை உற்று நோக்குவோனுக்கு வழிவிடும் இவ்வமைப்பு மூலத்திலும் மேம்பட்டது. ஆயினும் சில பகுதிகள், பரப்பிருந்தும் பொருளின்றி வறிதே கிடக்கின்றன என்ற குறையும் நியாயமானதே.

கதைப்பகுதி பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் ஆழமானது. மூலத்தில் மொஃக் என்பவன் மிக்கெல்லாவைக் கவர்ந்து சென்ற கொடியவனாகக் காணப்பட்டான். பின்னிணைப்போ, மிக்கெல்லாவே தன் வசீகரத்தால் மொஃக்கை மயக்கித் தன் கருவியாக்கினான் என்கிறது. மூலத்தின் பொருளையே மாற்றும் உரிமை பின்வந்த பகுதிக்கு உண்டா எனப் பலர் வினவினர். மிக்கெல்லா பிறரைத் தன்பால் அன்புகொள்ளச் செய்யும் ஆற்றலுடையவன் என்ற குறிப்பு மூலத்திலேயே உள்ளது. எனவே இம்மாற்றம் விதையிலிருந்து முளைத்தது. இறுதிப் போரில் றாடான் மீண்டும் தோன்றுவதோ அத்தகையதன்று. மூலத்திற் பெருமிதத்தோடு மாண்ட வீரனொருவனை, போதிய முற்குறிப்பின்றி எழுப்பி நிறுத்தியமை அவனது முதல் மரணத்தின் அவலச் சுவையையும் குறைத்துவிட்டது. இதனைச் சுட்டியோரை முதிராத ஆட்டக்காரர் என்று ஒதுக்கியமை விமரிசனத்துக்கு அழகன்று.

அவ்வாண்டின் சிறந்த விளையாட்டுக்கான 'கேம் அவார்ட்ஸ்' பரிசுப் பட்டியலிற் பின்னிணைப்பு இடம்பெற்றபோது சர்ச்சை மறுபடியும் மூண்டது. பின்னிணைப்புகளும் தகுதியுடையனவே என அமைப்பாளர் விளக்கினர். டிசெம்பரிற் பரிசு 'அஸ்ரோ பொட்' என்ற விளையாட்டுக்குச் சென்றது. எதிர்த்தோரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு: மூலத்தில் இரு பெரும் பகைவரை வென்றாலன்றி இந்நிலத்தின் வாயில் திறவாது. தனித்து நுகர இயலாத ஒன்றைத் தனித்து நிற்பனவற்றோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? தெரிவு செய்தோர் அளவுகோலைக் கூறாமலே ஒப்பிட்டனர்.

இதற்கிடையே 2024 செப்ரெம்பரில் மற்றொரு திருத்தம் வந்தது. இறுதிப் போரிற் றாடானின் தாக்குதல் வலு குறைக்கப்பட்டது. கண்ணைக் கூசச் செய்த ஒளிவீச்சுத் தணிக்கப்பட்டது. யூன் மாதத்து விமரிசகர் புகழ்ந்ததும் பழித்ததும் அப்படியே இன்று வாங்குவோன் கைக்கு வருவதில்லை. அக்கட்டுரைகளைப் படிப்போர் அவற்றின் திகதியை முதலில் நோக்குவது நன்று.