காசு கொடுத்து வாங்கும் அச்சம்

நள்ளிரவு. பாழடைந்த மாளிகை. துருப்பிடித்த கதவு தானே திறக்கிறது. கையிலே மெழுகுவத்தி ஏந்திய பெண்ணொருத்தி, வேண்டாம், திரும்பிவிடு என்று நாம் மனத்துக்குள்ளே கூவுவதைக் கேளாமல், ஒவ்வொரு படியாக மாடி ஏறுகிறாள். 'வீல்' என்றோர் அலறல் எழுகிறது. திரையிலே அன்று, எனக்குப் பக்கத்து இருக்கையிலே!

அலறியவர் குழந்தையல்லர்; மீசை அரும்பிய வாலிபர். அலறி முடித்த மறுநொடியே, தம் அலறலைத் தாமே எண்ணி வெடிச்சிரிப்புச் சிரித்தார். உடன் வந்தோர் முதுகிலே தட்டிக் கேலி பேசினர். இடைவேளையிலே சோளப்பொரி கொறித்தபடி, "இனிமேல்தான் உண்மையான பயங்கரமாம்" என்று ஆவலோடு கூறினார். அஞ்சுவதற்கென்றே காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இருட்டறைக்குள்ளே போய் உட்காருகிறார்கள்! படமெடுத்த பாம்பைக் கண்டால் ஓடுகிறோம். படம்பிடித்த பேயைக் காணவோ ஓடோடி வருகிறோம். ஏன் இந்த விந்தை?

தோழர்கள் சிலரைக் கேட்டேன். "மடமை! வேறென்ன?" என்றனர். ஒருவர், இத்தகைய படங்களைத் தடை செய்துவிட்டால் பாதிப் பேய் ஓடிவிடும் என்றார். அவர்தம் சினத்தை நான் மதிக்கிறேன்; விடையைத்தான் ஏற்க இயலவில்லை. அன்று அலறிய வாலிபர் பேயை மெய்யாக நம்புகிறவராக இருந்திருப்பின், இடைவேளையிலே பொரி இறங்கியிருக்குமா தொண்டையிலே?

அச்சத்தையும் ஒரு மெய்ப்பாடென வகுத்து வைத்தவர் தொல்காப்பியர். எட்டு மெய்ப்பாடுகளுள் நகையோடும் அழுகையோடும் அதற்கும் இடம் தந்தார். அச்சம் பிறக்கும் களம் நான்கு என்றும் எண்ணிக் காட்டினார்: வருத்தும் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் வேந்தன். (கள்வருக்கு அடுத்தபடியாக வேந்தனை வைத்த துணிவை நான் வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பர்.) இந்த நான்கிலே மூன்று கண்ணெதிரே நிற்பவை. கடிக்கும்; பறிக்கும்; ஒறுக்கும். அணங்கு ஒன்றே பிறர் சொல்லக் கேட்டறிந்தது. ஆனால் கொட்டகையை நிரப்புவது அந்த ஒன்றுதான்! மாதந்தோறும் வட்டி கேட்டு வாசலிலே வந்து நிற்பவனைப் படம் பிடித்துக் காட்டினால் நாமெல்லாம் மெய்யாகவே நடுங்குவோம். அதற்குச் சீட்டு வாங்குவோமோ?

குழந்தையைத் தந்தை மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார். காற்றிலே மிதக்கும் அந்த ஒரு கணம் குழந்தையின் கண்கள் அகல்கின்றன, மூச்சு நிற்கிறது. கை வந்து ஏந்தியதும் கலகலவென்று சிரித்து, 'இன்னொரு தரம்' என்கிறது. அதே குழந்தையை முன்பின் அறியாதவர் தூக்கிப் போடட்டும்; ஊரே கூடிவிடும் அழுகையைக் கேட்டு. தூக்கிப்போட்ட உயரம் ஒன்றே. ஏந்தும் கையின்மீது உள்ள உறுதிதான் வேறு. கொட்டகையிலே அந்தக் கையாக இருப்பது அறிவு. 'இது திரை, அது மாவுபூசிய முகம், எழுந்து போக வாயில் இருக்கிறது' என்று உள்ளே நின்று சொல்லும் அறிவு.

உடல்நூலார் கூறுவதும் இதற்கு அரணாக அமைகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய வால்டர் கேனன், 1915இல் வெளியிட்ட நூலிலே, அஞ்சும் உயிரின் உடலுக்குள்ளே நிகழ்வதை விளக்கினார். சிறுநீரகத்தின் உச்சியிலே அமர்ந்துள்ள சுரப்பி அட்ரினலினைக் குருதியிலே கலக்கிறது. இதயம் விரைகிறது. வயிறு தன் வேலையை நிறுத்துகிறது. தசைகளுக்குக் குருதி பாய்கிறது. போரிடு, இல்லையேல் ஓடு! இரண்டுக்கும் உடல் ஆயத்தமாகிறது. கொட்டகையிலேயும் இவ்வளவும் நடைபெறுகின்றன. போரிட எதிரி இல்லை, ஓட வேண்டிய தேவையும் இல்லை. மூண்ட கிளர்ச்சி உடனே அடங்கிவிடாது. 'ஒன்றுமில்லை' என்று அறிவு கூறிய பின்னரும் சிறிது நேரம் உடலிலே தங்கி, ஆறுதலைக் களிப்பாகப் பெருக்கிக் காட்டும் என்ற கருத்தை 1970களிலே டால்ஃப் சில்மன் என்னும் உளநூல் அறிஞர் விரித்துரைத்தார்.

டென்மார்க் நாட்டிலே பேய்மாளிகைபோல் அமைத்த கேளிக்கைக் கூடமொன்றுக்குள்ளே 110 பேரை அனுப்பி, அவர்தம் இதயத்துடிப்பைக் கருவிகொண்டு அளந்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். அச்சம் குறைந்தால் சலிப்பு, மிகுந்தால் துன்பம், இடையிலே ஓரளவில்தான் இன்பம் உச்சம் தொடுகிறது. இரசத்துக்கு உப்புப்போல என்று வைத்துக்கொள்ளலாம். நாக்குக்கு நாக்கு உப்பின் அளவு வேறுபடுவதுபோல, ஒருவர் விரும்பிப் பார்ப்பதை இன்னொருவர் விரல் இடுக்கிலே பார்க்கிறார். மற்றொருவர் பார்ப்பதே இல்லை. இதிலே வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

ஆகவே, பேய்ப்படத்தைக் களிப்போடு காண்பவன், அந்த இரண்டரை மணி நேரத்துக்கேனும், பேயை நம்பாதவன் என்றே சொல்வேன். நம்பாமைதான் அவனுடைய நுழைவுச் சீட்டு. வரலாறும் எனக்குச் சான்று. பிரான்சு நாட்டிலே 1896இல் ஜார்ஜ் மெலியே எடுத்த 'சாத்தானின் மாளிகை' என்னும் மூன்று நிமிடப் படத்தைத்தான் உலகின் முதல் பேய்ப்படம் என்கின்றனர். யார் இந்த மெலியே? மேடையிலே செப்படி வித்தை காட்டியவர்! வௌவால் சாத்தானாவதும், ஆள் மறைவதும் தம் கேமராவின் தந்திரமென்று அறிந்து, அறிவித்து, கைதட்டல் வாங்கியவர். பேயைத் திரையேற்றியவன் வித்தைக்காரன்; மந்திரவாதியல்லன். ஆனால் அந்த மூன்று நிமிடப் படத்துக்குள்ளேயே பின்னாளைய கேடும் முளைவிட்டிருந்தது. சாத்தான் எப்படி ஒழிகிறான் தெரியுமா? சிலுவையைக் கண்டு! தந்திரத்தாலே பிறந்த பேய், மந்திரத்தாலே மடிகிறது. அன்று தொடங்கியது இன்றுவரை நீள்கிறது. சிலுவை இருந்த இடத்திலே திருநீறும் வேப்பிலையும் வந்தன, அவ்வளவே மாறுதல்.

இதனை நான் நூலிலே படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். என் வகுப்பறையிலே தெரிந்துகொண்டேன். என் தவற்றினாலே தெரிந்துகொண்டேன்.

அரையாண்டு விடுமுறைக்கு முந்திய நாள். எட்டாம் வகுப்பு மாணவியர் பேய்ப்படம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தனர். பள்ளித் திரையிலே ஒன்றைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பும் பேயும் கலந்த படம். தீங்கில்லை என்று எண்ணினேன். அலறினர், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டனர், கைகொட்டினர். படத்தின் முடிவிலே பூசாரி ஒருவர் உடுக்கை முழக்கி, பேய் பிடித்த பெண்ணின் கூந்தலைப் பற்றி, வேப்பங்குழையாலே விளாசுகிறார். நகைச்சுவை நடிகர் ஓடி விழுகிறார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மூன்றாம் வரிசையிலே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பலகையைப் பற்றிய கை பற்றியபடியே இருந்தது. மணியடித்து எல்லாரும் போனபின் என்னிடம் வந்து கேட்டாள்: "அந்த அக்காவைப் பூசாரி அடிச்சப்போ, எல்லாரும் ஏன் டீச்சர் சிரிச்சீங்க?"

அவள் தமக்கைக்கு அடிக்கடி கைகால் வெட்டி, வாயிலே நுரை தள்ளி, மயக்கம் வருமாம். பேயென்றனர் வீட்டார். கோடாங்கி வந்தார். மிளகாய்ப் புகை போட்டார், குழையாலே அடித்தார். ஓராண்டு இப்படிக் கழிந்த பின்னரே அரசு மருத்துவமனைக்குப் போயினர். வலிப்பு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தனராம். இப்போது மயக்கம் வருவதில்லை. முதுகிலே தழும்பு மட்டும் இருக்கிறது.

நாற்பது பேர் கண்டது ஒரே படம். முப்பத்தொன்பது பேருக்கு ஏந்தும் கை இருந்தது. அவளுக்கு இல்லை. அவள் வீட்டிலே அது படமாக இருக்கவில்லையே!

2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. நோய் தீருமென நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளர் பலர் தனியார் காப்பகமொன்றிலே இருந்தனர். அதுவும் ஒரு கொட்டகைதான்; கீற்றுக் கொட்டகை. விடியற்காலையிலே தீப்பற்றிற்று. மாண்டவர் 28 பேர். அவர்கள் உடலிலும் அட்ரினலின் சுரந்திருக்கும், இதயம் விரைந்திருக்கும், ஓடு, ஓடு என்று தசைகள் துடித்திருக்கும். காலிலே சங்கிலி! சங்கிலி பூட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்துவிட்டது. வேப்பங்குழைக்குச் சிரிக்கும் நம் பழக்கத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

இந்தக் கண்ணோடு நம் படங்களைத் திரும்பப் பார்த்தேன். 'சந்திரமுகி'யை (2005) எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் மனநல மருத்துவன். பெண்ணைப் பிடித்தது பேயன்று, மனத்தின் பிளவு என்று அறிவியல் பேசுகிறான். கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் நோய் தீர்க்கும் நேரத்திலே மந்திரவாதியும் பக்கத்திலே வேண்டியிருக்கிறார்! மருத்துவமும் மந்திரமும் கூட்டு வாணிபம். 'காஞ்சனா' (2011) வேறு வகையிலே என்னைத் தொட்டது. திருநங்கை ஒருவரைக் கதையின் நடுவிலே, மதிப்போடு நிறுத்திய துணிவு பாராட்டத்தக்கது. வளர்ப்பு மகளை மருத்துவம் படிக்க வைத்தவள், நிலத்தைப் பறித்த அரசியல்வாதியாலே கொலையுண்டு, பேயாகத் திரும்பி வந்து பழிவாங்குகிறாள். கொட்டகை அதிர்கிறது. வெளியே வந்தபின்னர்தான் எனக்கு உறைத்தது. காவல்நிலையமும் நீதிமன்றமும் உயிரோடிருக்கும் காஞ்சனாவுக்குத் தராத நீதி, செத்தபின்னர், அதுவும் பேயாய் வந்தால்தான் கிட்டுமாம்! அங்கே நாம் அஞ்சியது பேய்க்கா? தொல்காப்பியர் எண்ணிய மூன்றாம், நான்காம் களத்துக்கன்றோ அஞ்சியிருக்க வேண்டும்?

நான் பெரிதும் மதிப்பது கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'வை (2012). பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல், மாளிகையொன்றிலே பேய்களிடம் சிக்கி, குருதி தோய்ந்து திரும்பி வந்து நடந்ததைச் சொல்கிறான். முதலாளி நடுங்குகிறார், உடன் பணிபுரிவோர் நடுங்குகின்றனர், நாமும் நடுங்குகிறோம். முடிவிலே திரை விலகுகிறது. பேயுமில்லை, மாளிகை நிகழ்ச்சியும் இல்லை! முதலாளி கொடுத்தனுப்பிய பெட்டிக்குள்ளே வைரங்கள் இருந்தன. அவற்றைச் சுருட்டுவதற்காக மைக்கேலும் அவன் காதலி அனுவும் கட்டிய கதை அது. முதலாளியின் வீட்டிலே பேயச்சம் குடிகொண்டிருப்பதை அறிந்தே விரித்த வலை. அனு யார்? பேய்க்கதை எழுத விரும்புகிறவள், அச்சத்தைச் சுவைப்பவள். சுவைக்கத் தெரிந்தவள் கதை கட்டினாள். நம்பத் தெரிந்தவர் வைரத்தை இழந்தார். பேயை வைத்துப் பிழைப்போரின் தொழில் நுட்பத்தை இவ்வளவு தெளிவாக, ஒரு சொற்பொழிவும் இல்லாமல், காட்டிய தமிழ்ப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சியிலே மைக்கேல் வேறொரு வீட்டுக்குச் செல்ல, அங்கே மெய்யாகவே ஏதோ இருப்பதுபோல் காட்டி முடிக்கிறார் இயக்குநர். இது பகுத்தறிவுக்கு இரண்டகம் என்று நண்பர் ஒருவர் கொதித்தார். எனக்கு அவ்வளவு கொதிப்பில்லை. குழந்தையை இறக்கிவிடுமுன் இன்னொரு தரம் தூக்கிப்போடும் குறும்பு அது. எனினும், அதை எடுத்துவிட்டிருந்தால் படம் நிமிர்ந்து நின்றிருக்கும் என்ற எண்ணமும் போகவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. முதல் சில நாட்கள், பள்ளிக்குப் பின்புறமுள்ள கழிவறைக்குத் தனியே போக மறுத்துப் பெண்கள் இருவர் இருவராகச் சென்றனர். நான் செய்த வினை! ஒரு பிற்பகலிலே திரை எதுவும் இல்லாமல், 'பீட்சா'வின் கதையை வாயாலே சொன்னேன். சன்னலைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். பாதியிலே நிறுத்தினேன், மேசையைத் தட்டினர். பேய் வந்த இடத்திலே மூன்றாம் வரிசைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். வைரப் பெட்டியைத் திறந்தபோது வகுப்பு முழுவதும் "ஐயோ, ஏமாத்திட்டான்!" என்று கூச்சலிட்டது. அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். சற்று யோசித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அப்போ, எங்க அக்கா கதையில வைரத்தை எடுத்தது யாரு டீச்சர்?"

நான் விடை சொல்லுமுன், கோடாங்கிக்கு வீட்டார் கொடுத்ததையெல்லாம் அவளே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆடு இரண்டு, சேவல் ஒன்று, அம்மாவின் தோடு...