சைதாப்பேட்டைப் பண்ணையும் நாட்டுக் கலப்பையும்

சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865ஐ ஒட்டி, சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை எழுந்தது. நீராவிக் கலப்பை, பலுகு, விதைப்புக் கருவி எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கின. நாட்டுக் கலப்பை நிலத்தைக் கீறுகிறதே ஒழிய உழுவதில்லை என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் தீர்ப்பு. வெள்ளையர் வருமுன் நம் உழவில் குறையே இல்லை என்பது இன்று பலர் சொல்லும் எதிர்த்தீர்ப்பு. இரண்டையும் வயலில் இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

வளைபலகைக் கலப்பை மண்ணைப் புரட்டிப் போடும். களை புதையும்; குளிர்ந்து நனைந்து கிடக்கும் ஆங்கில நிலம் காற்றாடி உலரும். மழைக்குப் பின் சில நாளே பதம் நிற்கும் மானாவாரிக் காட்டில் அதே புரட்டல் இருக்கிற ஈரத்தையும் பறித்துவிடும். நஞ்சையில் ஆழ உழுதால் நீரைத் தாங்கும் அடித்தட்டே உடையும். நாட்டுக் கலப்பையின் கொழு மண்ணைக் கிளறும், கவிழ்க்காது. உழவர் குறுக்கும் நெடுக்குமாகப் பல சால் ஓட்டி, பரம்படித்துக் கட்டி உடைத்து, ஈரத்தை மூடினார். மெலிந்த சோடி மாடும் அதை இழுக்கும். தோளில் தூக்கிப் போகலாம். உடைந்தால் ஊர்த் தச்சரும் கொல்லரும் போதும். நீராவிக் கலப்பைக்கோ அகன்ற வயலும் எரிபொருளும் பொறி தெரிந்த ஆளும் வேண்டும்.

அரசின் சாட்சியே உழவரின் திறனை ஒத்துக்கொண்டது. 1889இல் இந்தியா வந்த வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், இந்திய உழவர் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சளைத்தவரல்லர், சிலவற்றில் மேலானவர் என்று 1893 அறிக்கையில் எழுதினார். அவர் கண்ட குறைகளில் முதன்மையானவை நீரும் எருவும். அதற்கும் முன்பே, 1790களில், தென்னிந்திய உழவர் வரிசையாக விதைக்கும் கருவியைக் கண்டு எழுதியவர் கேப்டன் ஹால்காட். வரலாற்றாய்வாளர் தரம்பால் 1971இல் வெளியிட்ட தொகுப்பால் அந்தக் குறிப்பு மறுபடி கவனம் பெற்றது.

ஆனால் ஹால்காட்டின் சான்று ஒரு வட்டாரத்தின் ஒரு கருவியைத்தான் நிறுவுகிறது. கையால் தூவி விதைத்த ஊர்கள் ஏராளம். பல சால் ஓட்டுவதற்குள் பதம் தப்பி விதைப்பு பிந்துவதும் உண்டு. ஆழ வேரோடிய புல்லை நாட்டுக் கொழு அசைக்காது. அத்தகைய தேவைக்குத்தான் தொழில்முனைவர் கிர்லோஸ்கர் 1903இல் இரும்புக் கலப்பை செய்தார். முதலில் வாங்க ஆளில்லை. பிறகு தக்காணத்தில் அது பரவியது. இங்கேயே செய்து, இங்கேயே பழுது பார்க்க முடிந்தபோது உழவர் இரும்பை ஏற்றார். ஆகவே பழமைப் பிடிவாதம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

என் தீர்ப்பு இது: மாட்டுக்கும் மண்ணுக்கும் பொருந்திய கருவி என்ற அளவில் நாட்டுக் கலப்பைக்குப் பாராட்டு உரியது, எல்லா நிலத்துக்கும் போதும் என்ற புகழ் உரியதன்று. சைதாப்பேட்டையின் பிழை நாட்டுக் கலப்பையின் குறையைவிடப் பெரியது. உழவருக்கு என்ன தடை என்று கேட்குமுன்பே அது விடையை இறக்குமதி செய்துவிட்டது. பண்ணையின் நட்டத்தை அரசுக் கருவூலம் தாங்கும். வரியும் கடனும் கழுத்தில் உள்ளவருக்கு ஒரு போகம் தவறினால் மாடும் நிலமும் போகும். அந்த ஆபத்தைக் கணக்கில் சேர்க்காத எந்தச் சோதனையும், அன்றானாலும் இன்றானாலும், உழவரை அறியாதவர் என்று சொல்லத் தகுதியற்றது.