பந்தலும் பார்வையாளரும்: கொல்கத்தா துர்கா பூசைப் பந்தற்கலை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

விழாவுக்காக எழுந்து, விழா முடிந்ததும் பிரிக்கப்படும் கலைப்படைப்புகளைத் திறனாய்வு பெரிதும் பொருட்படுத்துவதில்லை. நிலைத்து நிற்கும் கோயிலும் சிற்பமும் ஓவியமும் ஆய்வுக்குரியனவாகின்றன. ஐந்து நாள் நின்று மறையும் பந்தல் செய்தித்தாளின் பொருளாக மட்டும் எஞ்சுகிறது. திரைப்படம், சிறுவர் புதினம், மின்விளக்கு வித்தை ஆகியவை அதனுள் இடம்பெறுமாயின் அது 'வெறும் போலி' என்று எளிதில் தள்ளப்படுகிறது. கொல்கத்தாவின் துர்கா பூசைப் பந்தல்கள் இத்தகைய இரட்டைப் புறக்கணிப்புக்கு ஆளானவை. யுனெஸ்கோ 2021 டிசம்பரில் 'கொல்கத்தாவில் துர்கா பூசை' என்பதை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும், அதற்கு முன்னரே 2015இல் கலை வரலாற்றாசிரியர் தபதி குஹா தாகுர்த்தா இப்பொருள் பற்றி விரிவான ஆங்கில நூலொன்றை வெளியிட்டதும் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன. எனினும் ஒரு பந்தலை நல்லது என்றோ நல்லதன்று என்றோ எந்த அளவுகோல் கொண்டு கூறுவது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. மூலத்தோடு ஒப்பிடுவதோ பருமனை அளப்பதோ அதற்குப் போதாது; பார்வையாளர் அங்கு என்ன செய்கிறார் என்பதே உரிய அளவுகோல் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அளவுகோலின் தமிழ் மூலம்

இவ்வளவுகோல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகிறார். அங்குள்ள ஓவியங்களின் வண்ணத்தையோ கோட்டையோ அவர் விரித்துரைக்கவில்லை. ஞாயிறு முதலாய சுடர்களின் சக்கரத்தைக் கண்டு அறிந்துகொள்வோர், இரதியும் காமனும் யாவர் என வினவுவோர், அவர்க்கு விடை கூறுவோர், பூனை உருக்கொண்ட இந்திரனையும் அகலிகையையும் கௌதமனையும் சுட்டிக் கதை சொல்வோர் எனப் பார்வையாளரின் செயல்களையே அடுக்குகிறார். ஓவியம் சுவரில் இருக்கிறது. கலையனுபவமோ சுட்டும் விரலிலும் வினாவிலும் விடையிலும் நிகழ்கிறது. இன்று 'ஊடாட்டக் கலை' எனப் பேசப்படுவதன் கரு இதுவே. கருவியைத் தொடுவதும் பொத்தானை அழுத்துவதும் மட்டுமே ஊடாட்டம் அன்று. படைப்பு ஒருவரை மற்றொருவரோடு பேசவைப்பதும் ஊடாட்டமே.

நவராத்திரி நாள்களில் தமிழகத்து வீடுகளில் வைக்கப்படும் கொலுவும் இத்தகையதே. தசாவதாரப் பொம்மைகளுக்கு அருகே கிரிக்கெட் ஆட்டக்காரர் தொகுதியும், பிள்ளைகள் மண் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவிட்டு அமைக்கும் பூங்காவும், அதன் நடுவே ஓடும் பொம்மை இரயிலும் இடம்பெறுவதை எவரும் முரணாகக் கருதுவதில்லை. வந்தவர் கேட்பதும், வீட்டார் சொல்வதும், பாட்டும் சுண்டலுமாக அக்கலை முழுமை பெறுகிறது. வீட்டின் கூடத்தில் நிகழும் இதனை ஒரு மாநகரின் தெருக்களுக்கு விரித்தால் கொல்கத்தாவின் பந்தல் உலா புலனாகும்.

பந்தலும் கருப்பொருளும்

வங்கத்தில் செல்வர் இல்லங்களின் பூசையாக இருந்த துர்கா பூசை, பலர் கூடி நடத்தும் 'பாரோவாரி' பூசையாகவும், பின்னர் எல்லார்க்கும் உரிய 'சர்வஜனீன்' பூசையாகவும் வளர்ந்தது. 'பாரோ' பன்னிரண்டையும் 'யாரி' நட்பையும் குறிக்கும். குப்திப்பாடாவின் பன்னிரு நண்பர்களோடு அப்பெயரை இணைத்துக் கூறும் வழக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பகுதிதோறும் இளைஞர் மன்றங்கள் ஒன்றோடொன்று போட்டியிடத் தொடங்கின. 1985இல் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய 'ஷரத் ஷம்மான்' விருது இப்போட்டிக்கு ஒரு கலைமுகம் தந்தது. அதனைத் தொடர்ந்து 'தீம் பூஜோ' எனப்படும் கருப்பொருட் பந்தல் வேரூன்றியது.

இவ்வகையின் திருப்புமுனைகளுள் ஒன்றாக 2001ஆம் ஆண்டின் போஸ்புகூர் சீதளா மந்திர்ப் பந்தல் நினைவுகூரப்படுகிறது. தெருவோரக் கடையில் தேநீர் குடித்தபின் எறியப்படும் 'பாட்' என்னும் சிறு மண்குவளைகளைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. நாள்தோறும் கையில் எடுத்து உடைத்தெறியும் பொருள் சுவராகவும் தூணாகவும் எழுந்து நின்றபோது, பார்வையாளர் கண்டது அரிய பொருளை அன்று. தாம் கண்டும் காணாதிருந்த பொருளை. அக்குவளையின் எடையையும் சூட்டையும் அறியாதார் அந்நகரில் அரியர். அந்த முன்னறிவே பந்தலின் பாதிப் படைப்பு எனலாம்.

மூலமும் போலியும்

வெகுசனப் பண்பாட்டைப் பந்தல் எடுத்தாளும்போது எழும் சிக்கல் 2007இல் நீதிமன்றம் வரை சென்றது. சால்ட் லேக் எஃப்.டி. பிளாக் பகுதியினர் ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் கோட்டையைப் பந்தலாக எழுப்பினர். நூலாசிரியர் ஜே.கே. ரௌலிங் தரப்பும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகி, 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு கோரின. பந்தல் இலாப நோக்கமற்றது என்ற நிலையில் விழா முடியும்வரை அது நிற்க நீதிமன்றம் இடமளித்தது. இனி இசைவின்றி இவ்வாறு செய்யலாகாது என்றும் கூறியது. சட்டம் கேட்ட வினா 'இது யாருடையது?' என்பது. திறனாய்வு கேட்க வேண்டிய வினா 'இங்கு இது என்ன ஆகிறது?' என்பது.

அக்கோட்டைக்குள் வீற்றிருந்தவள் மகிடனை வதைக்கும் துர்க்கை. மந்திரப் பள்ளியின் வாயில் வழியே நுழைபவர் சென்று சேர்வது அவள் முன்னிலையில். புராணக் கதையை மூத்தோர் சொல்லச் சிறுவர் கேட்பது வழக்கம். இங்கோ வாயிற்கதை சிறுவர் அறிந்தது, உள்ளிருக்கும் கதை மூத்தோர் அறிந்தது. ஒரே நடையில் சொல்வோரும் கேட்போரும் இடம் மாறுகின்றனர். பரிபாடற் பார்வையாளரின் வினாவிடை இருதிசைப்படும் இந்நிலையை மூலநூல் தரவில்லை, திரைப்படமும் தரவில்லை. அது பந்தலின் படைப்பு.

2017இல் ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் பாகுபலி திரைப்படத்தின் அரண்மனையை எழுப்பியது இதற்கு மற்றொரு சான்று. தெலுங்கிலும் தமிழிலும் உருவான அப்படத்தின் நகரம் தெலுங்கில் 'மாஹிஷ்மதி', தமிழில் 'மகிழ்மதி'. தமிழ் வடிவம் மகிழ்ச்சியை நினைவூட்ட, முன்னைய வடிவத்திலோ 'மகிஷ' என்னும் ஒலி நிற்கிறது. மகிடனின் பெயரொலி தாங்கிய நகரின் அரண்மனைக்குள் மகிடனை வென்றவள் எழுந்தருளும் பொருத்தம் தமிழ்ப் பெயரில் மறைந்து, வங்கப் பந்தலில் வெளிப்படுகிறது. அமைத்தோர் அதனை எண்ணியிருந்தாலும் இல்லாவிடினும், அங்கே வைக்கப்பட்டதனால் படைப்பு புதுப்பொருள் கொள்கிறது. அட்டை, மரம், துணி, சாந்து ஆகியவை திரைக்கோட்டையை எவ்வளவு ஒத்திருந்தன என்று மட்டும் அளக்கும் மதிப்பீடு இதனைத் தவறவிடும்.

எந்திர வியப்பு

பந்தற்கலையின் மற்றொரு கூறு ஒளி. ஹூக்ளி மாவட்டத்துச் சந்தன்நகர் முன்பு பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஊர். அங்கு ஜகத்தாத்ரி பூசை ஊர்வலத்தைச் சார்ந்து வளர்ந்த மின்விளக்குக் கலை கொல்கத்தாவின் தெருக்களையும் ஆட்கொண்டது. இக்கலையின் முன்னோடியாக ஸ்ரீதர் தாஸ் போற்றப்படுகிறார். சட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறுவிளக்குகளைப் பொருத்தி, வண்ணத்தாள் சுற்றி உருவம் வரைவது முதற்படி. அவ்வுருவத்தை அசையச் செய்வது ஓர் உருளை. உருளையின்மேல் வேண்டிய ஒழுங்கில் உலோகத் தகடுகள் பதிக்கப்படும். சிறு மோட்டார் அதனைச் சுழற்ற, தகடு தொடும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து ஒரு தொகுதி ஒளிரும். தகடு விலக அது அணைந்து அடுத்த தொகுதி ஒளிரும். விளக்கு எதுவும் இடம்பெயர்வதில்லை; ஆயினும் மீன் நீந்துகிறது, பந்து பறக்கிறது, மயில் தோகை விரிக்கிறது. அசைவு நிகழ்வது காண்பவர் கண்ணில்.

நிரற்படுத்திய ஆணைகளை உருளையில் எழுதும் இம்முறை, கணிப்பொறி கற்காத கைவினைஞர் கண்ட நிரல் எனத் தகும். பின்னாளில் எல்.இ.டி. விளக்குகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வந்தன; மின்செலவு குறைந்தது, வண்ணம் பெருகியது. ஆனால் தகட்டை வெட்டி ஒட்டிக் காலத்தையே கையால் அளந்த திறனுக்கு அவற்றில் இடம் குறைவு. இவ்விழப்பு ஆவணப்படுத்தப்பட வேண்டியது.

தமிழ்க் காப்பியங்கள் இத்தகைய எந்திரங்களைப் புறக்கணிக்கவில்லை. உதயணன் கதையில் அவனைச் சிறைப்படுத்துவது வீரர் ஒளிந்த எந்திர யானை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வலப்பக்கம் திருகினால் எழும்; இடப்பக்கம் திருகினால் இறங்கும். பொறியின் வியப்பைக் கூறுமிடத்தும் அதனை இயக்கும் விசயையின் விரலைத் திருத்தக்கதேவர் மறப்பதில்லை. பொறி காப்பியப்பொருளாவது அது மனிதச் செயலோடு பிணைந்தபோதே. சந்தன்நகர் விளக்குக்கும் இது பொருந்தும்.

பேருருவும் பெருங்கூட்டமும்

வியப்பு மட்டுமே இலக்காகும்போது நேர்வதை இரு பந்தல்கள் காட்டுகின்றன. 2015இல் தேசப்பிரிய பூங்காவில் 88 அடி உயரத் துர்க்கை எழுப்பப்பட்டது. உலகிலேயே பெரியது என்னும் விளம்பரத்தால் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருக, பஞ்சமி நாளிலேயே காவல்துறை பார்வையாளரைத் தடுத்தது. 2021இல் ஸ்ரீபூமி மன்றம் துபாயின் புர்ஜ் கலீஃபாவைப் போன்ற பந்தலை எழுப்பியது. விமானிகளின் முறையீட்டால் அதன் லேசர் ஒளிக்காட்சி நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்துக் கூட்டத்தால் பின்னர் பார்வையாளர் நுழைவும் நிறுத்தப்பட்டது.

இவற்றின் குறை போலி என்பதன்று. ஹாக்வார்ட்ஸும் போலியே. உயரத்தின் முன் பார்வையாளர்க்கு எஞ்சும் செயல் அண்ணாந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டுமே. வினவுவதற்கு ஒரு கதையில்லை. சுட்டி அறிவிப்பதற்கு ஒரு நுணுக்கமில்லை. ஒரே மன்றம் 2017இல் எழுப்பிய அரண்மனையையும் 2021இல் எழுப்பிய கோபுரத்தையும் அருகருகே வைத்து நோக்கின், வெகுசனப் பண்பாட்டு ஆர்வம் தன்னளவில் குற்றமோ குணமோ அன்று என்பது தெளிவாகும்.

நுழைவு மறுக்கப்பட்ட ஆண்டு

இவ்வளவுகோலுக்குக் கடுமையான சோதனை 2020இல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் பந்தல்களைப் பார்வையாளர் நுழையாப் பகுதிகளாக அறிவித்து, சிறு பந்தல்களுக்கு 5 மீட்டரும் பெரும் பந்தல்களுக்கு 10 மீட்டரும் தொலைவில் தடுப்பு அமைக்க ஆணையிட்டது. நடந்து நுழைவதையே உயிராகக் கொண்ட கலை நடையை இழந்தது.

அதே ஆண்டில் பரிஷா கிளப் பந்தலில் ரிண்டு தாஸின் கருத்தமைப்பில், பல்லப் பௌமிக் வடித்த துர்க்கை பேசப்பட்டாள். படைக்கலம் ஏந்திப் போரிடும் கோலம் அங்கில்லை. மேலாடையற்ற குழந்தையை இடுப்பில் ஏந்திய புலம்பெயர் தொழிலாளத் தாய் நின்றாள். ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய குடும்பங்களை நாடு அவ்வாண்டு கண்டிருந்தது. தடுப்புக்கு அப்பால் நின்றவரும் ஒளிப்படத்தில் மட்டும் கண்டவரும் 'இவள் யார்?' என்று கேட்டனர். தெய்வமா, சாலையில் கண்ட பெண்ணா என்னும் ஐயமே படைப்பின் பொருளாயிற்று. நுழைய இயலாதவரையும் அது வினவச் செய்தது. எனவே ஊடாட்டத்தின் அடிப்படை உடலின் நெருக்கத்தில் மட்டும் இல்லை. அடையாளம் காணும் செயலில் உள்ளது என்பது பெறப்படுகிறது. போஸ்புகூரின் மண்குவளையும் பரிஷாவின் தாயும் இவ்வகையில் ஓரினத்தவை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. பந்தற்கலையில் மூலத்தோடு கொள்ளும் ஒப்புமை தொடக்கமே ஆகும். எடுத்தாளப்பட்ட கதை பந்தலுக்குள் பெறும் புதுப்பொருளே மதிப்பீட்டுக்கு உரியது.

2. எந்திர நுட்பம் காண்பவரின் கண்ணையும் கருத்தையும் செயற்படுத்தும்போது கலையாகிறது. பருமனைப் பெருக்க மட்டும் பயன்படும்போது காட்சிப்பொருளாக நின்றுவிடுகிறது.

3. வினவலும் விடையிறுத்தலும் அடையாளம் காணலும் ஆகிய பார்வையாளர் செயல்களே பொதுவிடக் கலையின் அளவுகோல். பரிபாடல் இதனைத் தெளிவுறக் காட்டுகிறது.

4. பந்தல் மறைவது, விருதுப் பட்டியலும் ஒளிப்படமும் அதனை முழுமையாகப் பாதுகாப்பதில்லை. பார்வையாளர் பேச்சையும் உருளைவினைஞர் போன்றோரின் தொழில்நுட்பத்தையும் களப்பணியால் பதிவு செய்தல் உடனடித் தேவை.

தமிழகத்துக் கொலுவையும் தேர்த் திருவிழாக்களின் மின்விளக்கு அலங்காரங்களையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், வெகுசனக் கலை குறித்த ஒப்பாய்வுக்கு விரிந்த களம் கிட்டும். அத்தகைய ஆய்வு, சங்கப் பாடலை இலக்கியச் சான்றாக மட்டுமன்றித் திறனாய்வுக் கோட்பாட்டின் ஊற்றாகவும் கொள்ள வழிவகுக்கும்.