தராசில் எண்ணிய எலக்ட்ரான்கள்

மயில்துத்தக் கரைசலில் இரண்டு தாமிரத் தகடுகள், அவற்றினூடே அரை ஆம்பியர் மின்னோட்டம், ஒரு கடிகாரம், மில்லிகிராம் வரை காட்டும் ஒரு தராசு. இவ்வளவு போதும், எலக்ட்ரான்களை எண்ணிவிடலாம். நான் எண்ணினேன். அந்தப் பரவசம் இன்னும் அடங்கவில்லை!

கணக்கைப் பாருங்கள். அரை ஆம்பியர் அரை மணி நேரம் ஓடினால் 900 கூலூம். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலூம். இதுதான் ஃபாரடே மாறிலி. வகுத்தால் 0.00933 மோல் எலக்ட்ரான். ஒரு தாமிர அயனி உலோகமாக மாற இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே படியும் தாமிரம் அதில் பாதி, 0.00466 மோல். மோலுக்கு 63.55 கிராம் வீதம் பெருக்கினால் 0.296 கிராம்.

சுவிட்சைப் போடும் முன்பே இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும், அதில்தான் சுவை. கரைசலில் கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்து, மின்னோட்டத்தை ஏற்றாமல் நிதானமாக விட்டால் செம்பு இளஞ்சிவப்பாக, வழவழவென்று எதிர்மின்முனையில் படிகிறது. அவசரப்பட்டு ஏற்றினால் பொடியாக உதிரும். பிறகு தகட்டை எடுத்து, நீரில் அலசி, ஆல்கஹாலில் முக்கி, நன்றாக உலர்த்தி நிறுத்தேன். தாளில் இருந்த எண்ணை ஒட்டியே தராசும் காட்டியது. கண்ணுக்கே தெரியாத 5.6 கோடி கோடி கோடி எலக்ட்ரான்கள் அந்தத் தகட்டுக்கு வந்து சேர்ந்ததன் எடைச்சான்று அது. மோல் என்ற ஓர் அலகு இல்லாவிட்டால் இந்த எண்ணிக்கையோடு எப்படி மல்லுக்கட்டுவது?

இதே எலக்ட்ரான்களை வெள்ளி அயனிகளுக்குக் கொடுத்தால் 1.006 கிராம் வெள்ளி. ஓர் அயனிக்கு ஓர் எலக்ட்ரானே போதும் என்பதால் அள்ளிக் கொடுக்கிறது. அலுமினியமோ மூன்று கேட்கும். உருகிய நிலையில் 0.084 கிராம்தான் தரும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற அந்தச் சின்ன எண்கள் எடையிலேயே தெரிவதைக் கண்டால் எனக்கு எப்போதும் புல்லரிக்கும். மைக்கேல் ஃபாரடே இந்த விகிதங்களை 1830களிலேயே கண்டுவிட்டார். ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897இல்!

வெள்ளி இதில் எவ்வளவு நம்பகமானது என்றால், ஒரு காலத்தில் ஆம்பியரையே அதை வைத்து வரையறுத்தார்கள். 1908இல் லண்டன் மாநாடு ஏற்றபடி, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டமே ஒரு பன்னாட்டு ஆம்பியர். அந்த 0.001118 கிராமை 96,485ஆல் பெருக்கிப் பாருங்கள்: 107.87. வெள்ளியின் மோல் நிறை!

கம்பியே இல்லாத வினைகளிலும் இதே கணக்குத்தான். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் மாங்கனீசு ஐந்து எலக்ட்ரான்களை வாங்க, ஐந்து இரும்பு அயனிகள் ஆளுக்கொன்று கொடுக்கின்றன. நிரந்தர இளஞ்சிவப்பு தோன்றும் அந்தத் துளியில் கொடுக்கல் வாங்கல் நேராகிவிடுகிறது.

தலைகீழாகவும் போகலாம். ஃபாரடே மாறிலியை ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.602 × 10⁻¹⁹ கூலூமால் வகுத்தால், ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணே வந்து விழுகிறது. மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அந்த மின்னூட்டத்தை அளந்தபின் இந்த வழி திறந்தது.

எனக்கு அடுத்தது வெள்ளி நைட்ரேட். அதே அரை ஆம்பியர், அதே அரை மணி நேரம். 1.006 என்று தாளில் இப்போதே எழுதிவிட்டேன்.